ஏபியா, ஐபியா, பீப்பியா?

பிரீஹோல்ட், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால், மாமாவின் சர்க்கரை, ராசிபுரம் வீட்டு மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டி, மூன்றும் இப்போது எப்படி இருக்கின்றன என்று எழுது.

போன வாரம் போனில் கேட்டாய்: "வீட்டுக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்குது, பீஸ் கிடையாதுங்கற, பஸ் வாசலுக்கே வருதுங்கற. அப்புறம் எதுக்குடா எப்பப் பேசினாலும் இதே புராணம்?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் குக்கர் விசில் அடித்தது, நீ போய்விட்டாய். போனில் சொல்லி முடிகிற சங்கதியும் இல்லை. அதனால்தான் கடிதம். மாமாவுக்கும் படித்துக் காட்டு. கணக்கு வாத்தியாராகவே காலம் தள்ளியவர். எனக்கு விளங்காதது அவருக்கு விளங்கலாம்.

உன் மருமகள் எட்டாவது படிக்கிறாள். இங்கே ஹைஸ்கூல் என்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. நீ சொன்னது சரிதான். எங்கள் வீட்டு முகவரிக்கு என்று ஒரு பள்ளி உண்டு, நாங்கள் சும்மா இருந்தாலே செப்டம்பரில் அவளை அங்கே சேர்த்துக்கொள்வார்கள். டொனேஷன் இல்லை, எம்.எல்.ஏ. சிபாரிசு இல்லை, விடியற்காலையில் கேட் வாசலில் துண்டு போட்டு இடம்பிடிக்க வேண்டியதில்லை. நம் ஆட்களுக்குப் பிடிக்காததே அதுதான். கேட்காமலே கிடைக்கிற இடத்தில் என்ன பெரிய படிப்பு இருந்துவிடப் போகிறது?

முன்பெல்லாம் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போய், தரிசனம் முடித்துக் கேன்டீனில் தோசைக்குக் காத்திருந்தால், பக்கத்தில் இருப்பவர் "கிரீன் கார்டு எந்த வருஷத்து டேட்டுங்க?" என்று கேட்பார். இப்போது எங்கள் வயசுக்காரர்களுக்குக் கேள்வி மாறிவிட்டது. "பொண்ணு எட்டாவதா? ஏபியா, ஐபியா?" என்கிறார்கள். தெரியாது என்று சொன்னால், குழந்தைக்கு இன்னும் தடுப்பூசி போடவில்லையா என்பது போல ஒரு பார்வை.

மாமாவுக்காக விளக்குகிறேன். ஏபி என்பது, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு நடத்துகிற காலேஜ் போர்டு 1955-லிருந்து நடத்திவரும் ஏற்பாடு. கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, மே மாதம் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரைதான். கால்குலஸ், வேதியியல், உளவியல், ஓவியம் என்று நாற்பதை ஒட்டிப் பாடங்கள். வேண்டியதை எடுக்கலாம், வேண்டாததை விடலாம். தேர்வு ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய நூறு டாலர் கட்டணம். நாலோ ஐந்தோ வாங்கினால் எங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் மாதிரி இடங்களில் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கொடுத்துவிடுவார்கள்; கல்லூரிச் செலவில் கொஞ்சம் மிச்சம். ஆனால் கால்டெக் போன்ற பெரிய பெயருள்ள சில இடங்களில் ஏபி மதிப்பெண்ணுக்குக் கிரெடிட்டே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் டஜன் கணக்கில் ஏபி எடுப்பது கிரெடிட் தராத இடத்துக்குள் நுழைவதற்காக. தருகிற இடத்தில் சீட் கிடைத்துவிட்டால் வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் வருகிறது.

ஐபி வேறு ஜாதி. 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது. தூதரகக்காரர்களும் ஐ.நா. வேலைக்காரர்களும் நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா, அவர்கள் பிள்ளைகள் எந்த நாட்டுக் கல்லூரியிலும் சேர வசதியாக ஒரே பட்டயம் என்று யோசித்தார்கள். இன்றைக்கு அதற்காக அலைகிறவர்கள் ராசிபுரத்திலிருந்து வந்து சாப்ட்வேர் எழுதுகிற நாங்கள். பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷமும் ஆறு பாடம். அதில் வழக்கமாக மூன்று ஆழமாக, மூன்று அளவாக. பாடத்துக்கு ஏழு புள்ளி, ஆக 42. ஒரு நீண்ட கட்டுரைக்கும் 'அறிவுக் கோட்பாடு' என்ற பாடத்துக்கும் சேர்த்து மூன்று. மொத்தம் 45. 24 எடுத்தால் டிப்ளமோ, அதிலும் ஏகப்பட்ட நிபந்தனைகள். அம்மா இருந்திருந்தால், "ஏன்டா, பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சாச்சே, இவனுங்க மொத்தமே நாப்பத்தஞ்சுதான் போடறானுங்களா?" என்று கேட்டிருப்பாள்.

அந்த நீண்ட கட்டுரை 4000 வார்த்தை வரை போகலாம். அறிவுக் கோட்பாடு என்றால், நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வது நமக்கு எப்படித் தெரியும் என்று விசாரிப்பது. மாமா வகுப்பில் யாராவது எழுந்து "விடை அதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது பழைய மாணவர்களுக்குத் தெரியும். இங்கே அதற்கு மதிப்பெண். இது போதாதென்று கலை, உடலுழைப்பு, சமூக சேவை மூன்றையும் செய்து, செய்ததைப் பற்றி யோசித்து எழுதவும் வேண்டும். சேவை செய்வது பிள்ளை. சனிக்கிழமை காலை குளிரில் கார் ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் காத்திருப்பது தகப்பன். அதற்குப் புள்ளி இல்லை.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. எங்கள் மான்மவுத் கவுண்டியில் தொழிற்கல்விக்கு என்று தனியாக ஒரு பள்ளி மாவட்டம் இருக்கிறது. கார் பழுது பார்ப்பது, முடி திருத்துவது, சமையல் எல்லாம் சொல்லிக்கொடுக்கிற நிர்வாகம். அதே நிர்வாகம்தான் நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் ஐந்து அகாடமிகளையும் நடத்துகிறது. லிங்க்ராப்டில் இருக்கும் ஹை டெக்னாலஜி ஹைஸ்கூல் அதில் ஒன்று. அறிவியல், கணிதப் பள்ளிகளின் தேசியத் தரப்பட்டியலில் முதலிடம் பிடித்த பள்ளி; வருஷத்துக்கு எழுபது பேர் அளவில்தான் சேர்க்கிறார்கள். எங்கள் ஊரிலேயே பயோடெக்னாலஜி ஹைஸ்கூல், அங்கே ஐபி. நெப்டியூனில் மருத்துவம் சார்ந்தது, வால் என்ற ஊரில் ஊடகம் சார்ந்தது. எதற்கும் பீஸ் கிடையாது. 'வொகேஷனல்' என்ற போர்டைப் பார்த்து, பேத்தியை ஐ.டி.ஐ.யில் சேர்க்கப் போகிறோம் என்று என் மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஐந்தாவது பள்ளி சாண்டி ஹூக்கில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்திட்டில் இருக்கிறது. கடல் அறிவியல் படிப்பு. பிள்ளைகள் கடற்படைச் சீருடை போட்டுக்கொண்டு, பழைய ராணுவக் கோட்டைக் கட்டடங்களுக்கு நடுவே நடக்கிறார்கள். பக்கத்திலேயே 1764-ல் கட்டிய கலங்கரை விளக்கம், இன்னும் எரிகிறது. இந்த நாட்டில் இயங்குகிறவற்றில் அதுதான் பழையது. வானம் தெளிந்திருந்தால் எதிரே நியூயார்க் தெரியும். எனக்கே திரும்பப் பள்ளிக்கூடம் போகலாமா என்று இருந்தது. உன் தம்பி பெண்டாட்டி சுற்றிப் பார்த்துவிட்டு, "ராசிபுரத்துக்காரங்களுக்குக் கடல்ல என்னங்க வேலை?" என்று காரை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் வந்தால் பள்ளிகள் 'ஓப்பன் ஹவுஸ்' என்று வீட்டைத் திறந்துவைத்து விருந்தாளிகளைக் கூப்பிடுகின்றன. பெண் பார்க்கப் போவது போலத்தான் போகிறோம். யார் பெண் என்பதுதான் சரியாகத் தெரியவில்லை. ஒரு பள்ளியில் எங்களைச் சுற்றிக் காட்ட பதினோராவது படிக்கும் பையன் ஒருவனை விட்டிருந்தார்கள். நெஞ்சில் பெயர் அட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்பாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். போன வருஷம் பிரின்ஸ்டனுக்கு எத்தனை பேர், எம்ஐடிக்கு எத்தனை பேர், ஒன்பதாவதிலேயே கால்குலஸ் எடுக்க முடியுமா. பையன் மனப்பாடமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். பின்னால் வந்த ஒரு சீனத்து அம்மா மட்டும், "நீ ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பாய்?" என்று கேட்டார். அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற ஆசிரியை முகத்தைப் பார்த்தான். ஆசிரியை முந்திக்கொண்டு, "நேரத்தை நிர்வகிக்க இங்கே நன்றாகக் கற்றுத்தருகிறோம்" என்றார். அதற்குப் பிறகு உன் மருமகள் வாயைத் திறந்தாள்: "பேண்ட் ரூம் எங்கே?" ஏதோ யானைக் கொட்டாய் எங்கே என்று கேட்டது மாதிரி அந்தப் பையன் விழித்தான்.

வழியில்லாமல் இப்போது பீப்பி விஷயத்துக்கு வருகிறேன். அவள் நாலாவதிலிருந்து கிளாரினெட் வாசிக்கிறாள். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாசித்தாரே, அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்பாரே, அந்த வாத்தியம்தான். வீட்டில் அதற்குப் பெயர் பீப்பி. ஊர்ப் பள்ளியில் சேர்ந்தால் அணிவகுப்பு பேண்டில் சேரலாம்: தலையில் இறகு வைத்த தொப்பி, வெள்ளிக்கிழமை ராத்திரி புட்பால் மைதானத்தில் நடந்துகொண்டே வாசிப்பது. சின்ன அகாடமியில் புட்பால் அணியே இல்லை. அப்புறம் பேண்ட் எங்கிருந்து வரும்?

இதற்கு நடுவில் கணக்கு வேறு வருகிறது, மாமாவைப் பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளச் சொல். இங்கே பல பள்ளிகளில் சாதாரண வகுப்பில் ஏ வாங்கினால் நாலு புள்ளி, ஏபி வகுப்பில் ஏ வாங்கினால் ஐந்து. ஐந்து ஏபி எடுத்து ஐந்திலும் ஏ என்றால் சராசரி 5. ஆறாவதாக பேண்ட் எடுத்து அதிலும் ஏ வாங்கினால், இருபத்தொன்பதை ஆறால் வகுக்க, 4.83. பீப்பியை ஒழுங்காக வாசித்த குற்றத்துக்காக இறங்கிவிட்டது! சில பள்ளிகள் இதைச் சரிக்கட்ட ஏதேதோ ஏற்பாடு வைத்திருக்கின்றன. பல பிள்ளைகள் பேண்டையே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மாநில முதலிடம் அறிவிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே நம் ஆட்கள் கேன்டீனில் வாராவாரம் அறிவிக்கிறார்கள்.

அந்தக் கேன்டீனில் கோவில்பட்டிக்காரர் ஒருவர் எக்செல் போட்டு வைத்திருக்கிறார். வரிசையில் பள்ளிகள், ஏபி எண்ணிக்கை, எஸ்ஏடி சராசரி, வீட்டிலிருந்து எத்தனை மைல் என்று பத்தியில் விவரங்கள். நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு. நம்மவர்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு பத்தி. அதிகமாக இருந்தால் போட்டி, குறைவாக இருந்தால் பிள்ளைக்குத் துணையில்லை. அந்தப் பத்திக்கு மட்டும் என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. திருச்சிக்காரர் ஒருவர் இதற்கு நேர் எதிர்க் கட்சி: "எழுபது புலிகளுக்கு நடுவுல எதுக்குங்க போய் விடணும்? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஊர்ப் பள்ளியிலேயே விட்டு முதலாவதா வரச் சொல்லுங்க." இரண்டு பேரும் மணிக்கணக்காக வாதாடுவார்கள். இரண்டு பேர் பிள்ளைகளும் பக்கத்து மேஜையில் ஒரே போனில் தலையைக் கவிழ்த்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் கட்சி என்ன என்பாய். உட்கார்ந்து படிக்கிற பிள்ளை ஏபியிலும் தேறும், ஐபியிலும் தேறும். எழுதுவதில், விவாதிப்பதில் ருசி உள்ளதற்கு ஐபி பொருந்தும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை உதறுகிற பிள்ளைக்கு ஏபி தேவலை. இந்த வித்தியாசத்தைச் சொல்ல கால் மணி நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் நாங்கள் ஒப்பிடுவது பள்ளிகளை அல்ல, ஒருவரை ஒருவர். இதை வீட்டில் சத்தமாகச் சொல்லவில்லை.

உன் மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. ஊர் ஹைஸ்கூலில் 1967-ல் படித்து முடித்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டுக்காரர் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிட்டாள். "அவரு எத்தனை ஏபி எடுத்தாரு?" என்று அவள் அம்மா கேட்டாள். "பட்டமளிப்பு விழாவுக்கே போகலையாம்" என்றாள் இவள். அன்றைக்கு ரசம் வரைக்கும் யாரும் பேசவில்லை.

கடைசியில் பயோடெக்னாலஜிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஐபி என்பதால் அவள் அம்மாவுக்குத் திருப்தி, வீட்டிலிருந்து பக்கம் என்பதால் எனக்கு. அகாடமியில் படிப்பவர்கள் விளையாட்டுக்கு அவரவர் ஊர்ப் பள்ளி அணியில் சேர்ந்துகொள்ளலாம் என்று இவள் எங்கோ படித்திருக்கிறாள். அணிவகுப்பு பேண்ட் விளையாட்டில் சேருமா என்று கேட்டு இரண்டு பள்ளிக்கும் தானே மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடப்பது உடலுழைப்பா இல்லையா என்று வாதம் வேறு வைத்திருக்கிறாள். ஐபிக்கு லாயக்கானவள்தான். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி

பி.கு.: நம் நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று கிண்டல் செய்வதில் கோவில்பட்டிக்காரர்தான் முதல் ஆள். நேற்று போன் பண்ணி, ஜூலை, ஆகஸ்ட் லீவில் அங்கே விடுதியோடு கணக்குக் கோச்சிங் ஏதாவது நடக்குமா என்று உன்னிடம் விசாரிக்கச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். நெவார்க்கிலிருந்து கோயம்புத்தூருக்கு டிக்கெட் விலை பார்த்து வைத்திருக்கிறார்.