உடைந்த கிண்ணத்துக்குச் சொந்த ஊர் எது?

வீட்டில் கிண்ணம் உடைந்தால் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுகிறோம். 2,000 வருஷம் பொறுத்திருந்தால் அதே துண்டைப் பெட்டிக்குள் பூட்டி, காவலுக்கு ஆளும் போடுவார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும், பழைய முசிறித் துறைமுகம் இதுதான் என்று பலர் கருதும், கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் தோண்டியெடுத்த ரோமானியக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகளுக்கு அந்த யோகம் அடித்தது.

வரி வரியாகப் புடைத்த இந்தக் கிண்ணம் எந்த ஊர்ச் சரக்கு? கண்ணாடிக்கு ஜாதகம் கணிப்பவர் வேதியியல்காரர். மணல் சுலபமாக உருக ஏதாவது காரம் சேர்க்க வேண்டும். செடிச் சாம்பலைச் சேர்த்திருந்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் தூக்கலாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். ரோமானியக் கண்ணாடியில் பெரும்பாலும் இரண்டுமே குறைவு. சேர்த்தது எகிப்து ஏரிகளில் வாரிய நேட்ரான் உப்பு. மணல் எகிப்து, சிரியா, பாலஸ்தீனக் கரைகளில் அள்ளியது. நம்மூரில் உருக்கிய கண்ணாடியிலோ பல சமயம் அலுமினா அதிகம்.

கண்ணாடி பிறந்த கதையை ரோமாபுரிப் பிளினி தனி தினுசாகச் சொல்கிறார். நேட்ரான் வியாபாரிகள் கடற்கரையில் சமைக்க இறங்கினார்களாம். அடுப்புக்கு ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை. சரக்குக் கட்டிகளையே முட்டுக்கொடுத்துப் பானையை ஏற்ற, உப்பும் மணலும் உருகிக் கண்ணாடியாக ஓடியதாம். திறந்தவெளி விறகடுப்பில் அவ்வளவு சூடு ஏறாது. பானையில் வெந்தது என்ன ஆயிற்று என்பதைப் பிளினி கண்டுகொள்ளவே இல்லை.

முசிறி வட்டாரத் துறைகளில் இறங்கிய சரக்கில் கச்சாக் கண்ணாடியும் உண்டு என்று ‘பெரிப்ளஸ்’ என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடு பட்டியல் போடுகிறது. திரும்பும் கப்பலில் ஏறியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு. காசு விஷயத்தில் மட்டும் பிளினி கறார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே ரோமில் 100 மடங்கு விலைக்கு விற்கிறதே என்று புலம்பித் தள்ளினார். எல்லையில் அவருடைய அரசாங்கமே 25 சதவீதம் சுங்கம் உருவியது. மிச்சம் கப்பல்காரருக்கும் கடைக்காரருக்கும். வரிக் கிண்ணத்தில் ஒயின் குடித்தவர், மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தியவராக இருந்திருக்க வாய்ப்பில்லை.

மலையில் ஏலத்தோட்டம் வைத்துக்கொண்டு, போடியில் அன்றைய விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பும் சிலமலைச் சம்சாரி ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

“நூறு மடங்கா? அதுக்கு அந்தாளு எதுக்குய்யா அழுகுறான்? அழுக வேண்டியது நாமல்ல!” என்பார்.