சம்பளமில்லா விஞ்ஞானி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோடை விடுமுறை பிறந்ததும் தலைகாட்டுபவர் ஆய்வகத் தன்னார்வலர். சம்பளம் கிடையாது. மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு வரியும், பேராசிரியரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் போதும். நோபல் பரிசை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்வார்.

வந்த அன்றே நுண்ணோக்கியில் கண் வைக்கலாம் என்று நினைப்பார். கையில் கிடைப்பது படிவக் கட்டு. அந்நாட்டில் 1990இல் வந்த ஆய்வகப் பாதுகாப்பு விதிகள் ஊழியர்களுக்காக எழுதப்பட்டவை. சம்பளம் வாங்காதவர் பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை. அமிலத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதால், பல்கலைக்கழகங்களே அவரையும் பயிற்சிக்கு உட்கார வைக்கின்றன. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள்.

பயிற்சியின் முதல் பகுதி பெரும்பாலும் கணினித் திரையில். அவர் 'அடுத்து' பொத்தானை அழுத்தி அழுத்திக் கடைசிப் பக்கம் போய்விடுவார்; தேர்வில் தோற்ற பிறகுதான் முதல் பக்கத்தைப் படிப்பார். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணில் ரசாயனம் பட்டால் 15 நிமிடம் கழுவ வேண்டும். கையுறையோடு கதவுப்பிடியைத் தொடக் கூடாது. இத்தனையும் தேறி, மறுநாள் அரைக்கால் சட்டையும் செருப்புமாக வந்து நிற்பார். வாசலோடு திருப்பி அனுப்பப்படுவார்.

இந்தக் கெடுபிடி வீம்புக்கு வந்ததல்ல. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ரசாயனத்தைக் கையாண்ட 23 வயது உதவியாளர் தீக்காயமடைந்து, சில வாரங்களில் இறந்தார். ஆய்வக அங்கி அணிந்திருக்கவில்லை. இதைக் கேட்டதும் தன்னார்வலரின் கொட்டாவி நின்றுவிடும்.

பிறகு எதிர்த்திசையில் போவார். மூன்றாம் வாரத்தில் அவரே ஆய்வகத்தின் போலீஸ். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரியும் முதுநிலை மாணவர், கண் கழுவும் குழாயை மறைத்து நிற்கும் அட்டைப்பெட்டி, நொதிகள் வைக்கும் குளிர்பெட்டியில் ஒளிந்திருக்கும் தயிர் டப்பா என ஒன்றும் தப்பாது. பத்து வருஷம் பழகியவர்கள் மறந்த விதியெல்லாம் பத்து நாள் வந்தவருக்குத் தலைகீழ்ப் பாடம். பேராசிரியரின் புத்தாக்கப் பயிற்சி காலாவதியானதையும் நினைவூட்டுவார். பரிந்துரைக் கடிதம் சற்றுத் தாமதமாகும்.

விடைபெறும் நாளில் சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைப்பார். உறைபெட்டியில் மட்டும் அவர் கையெழுத்தில் சில குப்பிகள் இருக்கும்: 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதுதான் சரியானது'. உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ரசாயனத்தை ஆபத்தானதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. அடுத்த கோடையில் வரும் தன்னார்வலர் அவற்றைத் தொட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.