காய்ச்சலுக்குத் தெரிந்த சட்டம்: ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஏ, பி, சி என்று ஷிஃப்ட் மாறிமாறிப் பார்த்தும் அசராத உடம்பு, ஊட்டியில் ரூம் சாவி கைக்கு வந்ததும் தும்ம ஆரம்பிப்பது ஏன்? மூத்தோர் தரும் விடைகள் 'தண்ணி மாறிப்போச்சு', 'கண்ணு பட்டிடுச்சு' என்ற இரண்டு மரபுகளுக்குள் அடங்கும். இரண்டாம் மரபினர் கையோடு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிடுவதால், செய்முறையில் ஒரு படி மேலே நிற்பவர்கள். ஆனால் இரு சாராருமே காய்ச்சலை விவரம் தெரியாத ஒன்றாகக் கருதுகிறார்கள். இக்கட்டுரையின் துணிபு வேறு: காய்ச்சலுக்கு லீவு விதிகள் அத்துபடி.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். 2025 வரை நடப்பிலிருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த கணக்குப்படி, ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள லீவு சேர்ந்தது. அதே ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் வழி, நோயில் படுத்தவருக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது. சூட்சுமம் இங்கேதான். சாதாரணச் சளிக்காய்ச்சல் ஆளைப் புரட்டிப் போடுவதே இரண்டொரு நாள். வேலை நாளில் வந்தால் ஈ.எஸ்.ஐ.யும் தராது, அட்டெண்டன்ஸ் போனஸும் பறிபோகும். சம்பள லீவில் வந்தால் நிர்வாகத்துக்கும் நட்டமில்லை, காப்பீட்டுக் கழகத்துக்கும் செலவில்லை. ஆகவே ஆயுத பூஜைக்கோ பொங்கலுக்கோ லைன் நிற்கும்வரை காய்ச்சல் பொறுத்திருக்கிறது. நெதர்லாந்து உளவியலாளர் ஆட் விங்கர்ஹூட்ஸும் சகாக்களும் 1,893 பேரை விசாரித்து, ஓய்வு நாள் பார்த்து நோயில் விழுவோர் சுமார் 3 விழுக்காடு என்று 2002-இல் எழுதினார்கள். வேலைப்பளுவையும், வேலையை மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியாத சுபாவத்தையும் காரணமாகக் காட்டினார்கள். பாவம், அட்டெண்டன்ஸ் போனஸ் அவர்கள் ஆய்வுக்குள் வரவில்லை.

நோய்க்குக் காரணம் கிருமிதானே, அதற்கு ஏது சட்ட ஞானம் என்று மருத்துவத் துறையினர் மறுக்கலாம். சளிக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ வைரஸ், தொற்றி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வேலையைக் காட்டும். வெள்ளி இரவு கிளம்பியவர் ஞாயிறன்று தொட்டபெட்டாவில் மூக்கைச் சிந்தினால், கிருமி ஏறிய இடம் படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ ஓடிய கம்பெனி பஸ்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதாவது வியாழனன்றே ஏறிய கிருமி, வெள்ளிக்கிழமை பஞ்ச் அடித்து முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. இதைவிடச் சாட்சி வேண்டுமா? விடுதிக் கம்பளியின் மீது பழி போடுவோரும் உண்டு. மடித்த வாக்கிலேயே ஈரக்காற்றில் கிடந்த கம்பளியில் தூசிப்பூச்சி சேரும், உதறிப் போர்த்தினால் ஒவ்வாமைக்காரருக்கு விடிய விடியத் தும்மல்தான். மறுப்பதற்கில்லை. ஆனால் வருடம் முழுக்க வெல்டிங் புகையையும் பெயிண்ட் வாசனையையும் சுவாசித்த மூக்கு கம்பளிக்கு மட்டும் கோபித்துக்கொள்வதை, மூக்குக்கும் லீவு கிடைத்தது என்றல்லாமல் வேறெப்படி விளக்குவது? வேலை நாளிலும் சளி பிடிக்கத்தான் செய்கிறது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு லைனில் நிற்பதால் யாரும் அதை நோயாக எண்ணுவதில்லை என்பது மூன்றாவது மறுப்பு. உண்மையில் இதுதான் பலமானது. பலமானது என்பதாலேயே நம் கட்சியில் சேர்த்துக்கொள்கிறோம். லீவு கிடைத்தால்தான் நோய் நோயாகும் என்பதைத்தானே நாமும் சொல்கிறோம்!

குழந்தைகள் வாந்தி எடுப்பது தனிக்கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்புவதைக் காது உணர்கிறது, செல்போனில் பதிந்த கண் உணர்வதில்லை. இந்தச் சச்சரவைத் தீர்க்கும் பொறுப்பு வயிற்றின் தலையில் விழுகிறது. எலுமிச்சையை மோந்து பார்க்கச் சொல்வதோடு ஆய்வாளரின் கடமை முடிகிறது.

அம்மாவின் நிலைதான் கோட்பாட்டுக்கு உரைகல். புளியோதரை கட்டி, தைலமும் மாத்திரையும் எடுத்து வைத்து, விடுதிக் கெட்டிலில் சுக்குத் தண்ணீர் போட்டு வரிசையாகப் படுத்தவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் அவர் மட்டும் படுப்பதில்லை. அவருக்கு இது லீவே அல்ல என்பதால் விதி பிசகவில்லை. அவரே ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ ஒரு லைனில் நிற்பவராகவும் இருந்துவிட்டால் கணக்கு சிக்கலாகிறது. கம்பெனி ஷிஃப்டையும் வீட்டு ஷிஃப்டையும் அருகருகே வைத்து, காய்ச்சல் வரத்தக்க நாள் எது என்று தேட வேண்டியிருக்கும். இதுவரை தேடியதில் அப்படியொரு நாள் அகப்படவில்லை.