ஆஃப் பண்ணிட்டேன் மாமா!

வாடா மாப்ள, வா, குந்து. கையில ஸ்க்ரூடிரைவரு, சட்டப்பையில போனு, போன்ல வீடியோ. இன்னும் இன்னாடா ஓணும் ஒனக்கு? ரெண்டு வருசம் ஐடிஐ படிச்சவன், அப்பால இருபது வருசம் கடையில குந்திக்கினு சால்டரிங் பொகையத் தின்னவன், அவனெல்லாம் வெவரம் கெட்டவன். நீ பத்து நிமிசம் வீடியோ பாத்துட்டு பழைய டிவியத் தொறந்து செம்பு எடுத்துடுவ, சாயங்காலத்துக்குள்ள புது டிவிய செவுத்துல ஏத்திடுவ. நல்லா செய். நானு குறுக்க நிக்கறவன் இல்ல. தோல் ஷாப்புல வயர்மேன் வேல பாத்த கெழவன் ஏதோ சொல்றான்னு காதுல போட்டுக்கினு போ.

உங்க வூட்டுப் பரண்ல கீதே, அந்தப் பொட்டிய எனக்கு நல்லாத் தெரியும். 2006 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாளு. அன்னிக்குத்தான் கலைஞர் இலவச கலர் டிவித் திட்டத்தத் தொடங்கி வெச்சாரு. பதினாலு இஞ்சு, எல்காட் மூலமா வாங்கினது. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல குடுத்தாங்க. ஆட்சி மாறிச்சு, டிவி போயி மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்துச்சு. குடுத்ததுல வித்தது போவ, ஒடஞ்சது போவ, மிச்சம் எத்தினியோ இன்னும் பரண்ல சாக்குப் போத்திக்கினு கெடக்குது. உள்ள கீற செம்புக் கம்பிய எடைக்குப் போட்டா பிரியாணிக்கு ஆவும்னு ஒனக்கு இப்பத்தான் ஞானம் வந்துகீது.

"ஆஃப் பண்ணிட்டேன் மாமா, பிளக்கையும் புடுங்கிட்டேன்"ன்ற. பலே. ஆம்பூர்ல பொறந்தவனுக்கு இத நானு சொல்லித் தரணுமா? தம்முல வெச்ச தேக்ஸாவுக்கு அடியில நெருப்ப இழுத்துட்டா, சூடும் அப்பவே எறங்கிப் பூடுமா? அவசரத்துல மூடியத் தூக்கனவன் மூஞ்சியக் கேளு, சொல்லும். நீ நிறுத்தனது செவுத்துல வர்ற கரண்ட. பொட்டி ஏற்கெனவே வாங்கி வெச்சிக்கினு கீறத நிறுத்தறதுக்கு எந்த சுச்சும் கெடையாது.

ரெண்டு எடத்துல அது பதுங்கும். பவர் கார்டு உள்ள நொழையற பக்கமா, கட்டவெரல் தண்டிக்கு ஒரு கெப்பாசிட்டர் நிக்கும். வூட்டுல வர்றது 230 வோல்ட்டு. அத டிசி ஆக்கி 325 வோல்ட்டு கிட்ட அது உள்ள அடக்கி வெச்சிருக்கும். பிளக்கப் புடுங்கனதும் சார்ஜ் மெல்ல வடியட்டும்னு சில செட்டுல ஒரு ரெசிஸ்டர் வெச்சிருப்பான். அது எரிஞ்சி போயிருந்தா? செட்டே எரிஞ்சி போயித்தான பரண்ல ஏறிச்சு, அதுல எது எரிஞ்சிச்சுன்னு உனக்குத் தெரியுமா? தெரியும், நீ வீடியோ பாத்தவனாச்சே.

ரெண்டாவது, பிக்சர் டியூபு. எல்ஓடின்னு மெக்கானிக்குங்க சொல்ற டிரான்ஸ்பார்மர்ல இருந்து மொத்தமா ஒரு செவப்பு வயரு கெளம்பி, டியூபு முதுவுல ரப்பர் தொப்பி போட்டுக்கினு குந்தும். ஓடசொல்ல அங்க இருபதாயிரம் வோல்ட்டு சொச்சம். டியூபு கண்ணாடிக்கு உள்ளயும் கரிப்பூச்சு, வெளியவும் கரிப்பூச்சு, நடுவுல கண்ணாடி. அதுவே ஒரு பெரிய கெப்பாசிட்டர். நிறுத்தி ரொம்ப நேரம் ஆனாலும் வெச்சிருக்கும். இது புதுசு இல்ல. பழவேற்காட்டுல கோட்டை கட்டனானே டச்சுக்காரன், அவன் தேசத்துல லெய்டன்னு ஒரு ஊரு. 1746-ல அங்க முஷன்புரூக்னு ஒரு புரொபசரு, கண்ணாடி ஜாடியில தண்ணிய ஊத்தி, கம்பி வுட்டு, கரண்ட அடச்சி வெச்சாரு. அப்பால ஒரு கையில ஜாடி, ஒரு கையால கம்பி. தூக்கி அடிச்ச அடியில, பிரான்சு ராஜ்ஜியத்தையே எழுதி வெச்சாலும் இன்னொரு தபா தொடமாட்டேன்னு கூட்டாளிக்கு லெட்டர் போட்டாராம். புரொபசருக்கே அந்த கதி. நீ பதினாலு இஞ்சு ஜாடியத் தொடப் போற, அதுவும் செம்புக்கோசரம்.

டியூபு அடிக்கிற அடியே ஆளக் கொல்லும்னு சொல்லல. அடி வாங்கன கை தானா உதறும் பாரு, அங்கதான் வெனை. மொழங்கை போயி டியூபோட கழுத்துல இடிக்கும். உள்ள காத்தே கெடையாது. ஒடஞ்சா மொதல்ல உள்பக்கமா நொறுங்கி, அப்பால சில்லு சில்லா வெளிய பறக்கும். கடைக்காரன் டியூபக் கழுத்தப் புடிச்சி எப்பயாவது தூக்கிப் பாத்துக்கிறியா? கண்ணாடி மூஞ்சிய நெஞ்சோட அணச்சி, அடியில கை குடுத்துத்தான் தூக்குவான். அதுலயும் அந்தக் கண்ணாடியில ஈயம் கலந்திருக்கும். ஏன்னு கேளு. அத்தினி வோல்ட்டுல எக்ஸ்ரே கெளம்பும், அத அடக்கத்தான் ஈயம். 1967-ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி பெரிய சைசு கலர் செட்டுங்கள, எக்ஸ்ரே அளவு மீறிச்சுன்னு திரும்ப வாங்கி சரி பண்ணிச்சு. படம் பளிச்சுன்னு வரணும்னு வோல்ட்டேஜக் கண்டபடி ஏத்தி வெக்கறவன் அந்த அடக்கத்தத்தான் அவுக்கறான். நீ ஒடச்சன்னா ஈயக் கண்ணாடிய எங்க கொட்டுவ? பாலாத்துலதான. நம்ம ஆத்துல ஏற்கெனவே இன்னா கொறச்சல் கீது? 2023 ஏப்ரல்ல இருந்து புது மின்கழிவு விதி நடப்புல கீது. மின்கழிவு எடுக்க பதிவு வாங்கனவன்கிட்ட குடுத்துடு. பிரியாணிக்கு நானு துட்டு தரேன்.

நெஜமாவே தெரிஞ்ச மெக்கானிக் எப்படி குந்தறான்னு ஒரு நாளு கடை வாசல்ல நின்னு பாரு. மோதரம், காப்பு, செயினு ஒண்ணும் இருக்காது. செட்டு ஓடசொல்ல உள்ள தொடணும்னா ஒரு கைதான் உள்ள போவும். இன்னொரு கை முதுவுக்குப் பின்னாடியோ பையிலயோ. ரெண்டு கையும் பட்டா கரண்டு நெஞ்சு வழியாத்தான பாயும்? தனியா வேல செய்ய மாட்டான், மெயினத் தட்ட ஒரு பையனாவது பக்கத்துல இருப்பான். செட்ட நேரா பிளக்குல சொருவ மாட்டான். நடுவுல ஒரு குண்டு பல்பு வெச்ச சீரிஸ் போர்டு இருக்கும். உள்ள ஷார்ட்டுன்னா பல்பு பளீர்னு எரியும், செட்டு பொழைக்கும். ஆனா ஒண்ணு, சீரிஸ் பல்பு செட்டக் காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது. அதுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர்னு தனியா ஒண்ணு கீது. நம்ம வீரனுங்க சில பேரு அந்தத் தொல்லையெல்லாம் வெச்சிக்கறதில்ல. கண்ணாடி ஃபியூஸ் போச்சா, சிகரெட்டுப் பொட்டி ஈயத்தாள சுத்தி சொருவிடுவானுங்க. அப்பால ஃபியூஸ் எப்பவும் போவாது. வூடுதான் போவும்.

"பழசு வேணாம் மாமா, புதுசு எல்இடி. பிக்சர் டியூபே கெடையாது"ன்ற. வாஸ்தவம். ஆனா பவர் போர்டுல அந்தக் கெப்பாசிட்டர் அண்ணாத்த அங்கயும் கீறாரு. பெரிய செட்டுல 400 வோல்ட்டு கிட்ட. பின்னால வெளிச்சம் குடுக்கற எல்இடி வரிசைக்கும் நூறு வோல்ட்டுக்கு மேல போவும். ஒல்லியா கீறான்னு அவன் தோள்ல கை போடாத.

மாட்டறதுக்கு வா. எட்டு பத்து கிலோ எடை, அது ஒனக்குத் தூசி. ஆனா நீ டிரில்லு போட்ட ஓட்டை பூச்சுலயே நின்னுச்சுன்னா, பிளாஸ்டிக் பிளக்கு, ஸ்க்ரூ, டிவி, டிவிக்கு அடியில குந்தி ஹோம்ஒர்க் எழுதற பாப்பா எல்லாம் ஒரே நேரத்துல கீழ. செங்கல்லுக்குள்ள போவணும். ஹாலோ பிளாக்னா அதுக்குன்னு தனி ஆங்கர் கீது. டிவிக்குப் பின்னால கீற நாலு ஓட்டைக்கு கம்பெனி சொன்ன நீளத்துல ஸ்க்ரூ போடு. கைக்குக் கெடச்ச நீளத்தப் போட்டு முறுக்கினா நேரா போர்டக் குத்தும். பேனல ரெண்டு பேரா நிமித்தித் தூக்குங்க, வெரலால கண்ணாடிய அமுக்காதீங்க. அப்பறம் சுச்சு பாக்ஸுக்கு நேர் மேல அழகா ஒரு எடம் இருக்கும், உனக்கு அங்கதான் ஓட்டை போடத் தோணும். வயரு பைப்பு அதே கோட்டுலதான் மேல ஏறும் ராசா.

வேலூருக்கு ஒரு சொலவட உண்டு, மரமில்லா மல, தண்ணியில்லா ஆறு, சாமியில்லா கோயிலு, ராஜாயில்லா கோட்டைன்னு. அதுல சாமி விசயம் 1981-ல ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள திரும்பி வந்ததும் சரியாயிடுச்சு. அந்த எடத்த காலியா வுடக் கூடாதுன்னு நம்ம ஜனங்க எர்த்தில்லா வூட்ட சேத்துட்டாங்க. மூணு பின்னுல பெருசு நொழையலன்னா அத வெட்டி எறியறது. ஓட்டையில குச்சி வுட்டு ரெண்டு பின்ன சொருவறது. அந்தப் பெரிய பின்னு நீளமா இருக்கறதே, கரண்டு வர்றதுக்கு முந்தி எர்த்து போயி தொடட்டும்னுதான். சில டிவிக்கு ரெண்டு பின்னுதான் வரும், பின்னால சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருக்கும். அதுக்கு எர்த்து தேவையில்லாத மாதிரி உள்ளயே ரெட்ட இன்சுலேஷன் பண்ணியிருக்கான். அதப் பாத்துட்டு ஃபிரிட்ஜுக்கும் பின்ன வெட்டாத.

எர்த்துக் குழிக்கு இன்னா கேக்குது? ஒரு பைப்பு, கரி, உப்பு, வெயில் காலத்துல ரெண்டு கொடம் தண்ணி. தோலுக்குப் போட்ட உப்ப தண்ணியில வுட்டு, கெணறு ஏரியெல்லாம் கரிக்க வெச்சி, 1996-ல சுப்ரீம் கோர்ட்டு கூப்பிட்டு வெச்சி தீர்ப்பு சொல்ற வரைக்கும் போனோம். ஊரு நெலத்துக்கெல்லாம் உப்பு வெச்ச நமக்கு, வூட்டு எர்த்துக் குழிக்கு ஒரு கூட உப்பு போட மனசு வரல. இன்னொண்ணு, ஷாப்பு பக்கம் அழுவின முட்டை வாசன அடிக்குதில்ல, அந்த வாயு செம்பக் கருக்கிடும். சாக்கெட்டு உள்ள கருத்து, பிளக்கு லூசாயி, சூடேறி, பிளாஸ்டிக் உருவும். பிளக்கத் தொட்டுப் பாத்தா சுடுதுன்னா சாக்கெட்ட மாத்து, ஊதி ஊதி சொருவாத.

கேபிள் வயரு தெருவுல ஈபி கம்பத்தோட கம்பமா தொங்கி வருது. ஈபி கம்பி அறுந்து அதும்மேல வுழுந்தா, கரண்டு பில்லு கட்டாமயே வூட்டுக்குள்ள வரும். மொட்டமாடியில கம்பி போவுதுன்னா டிஷ்ஷ அந்தாண்ட தள்ளி வெய். இடி இடிக்கறதுக்கு முந்தி பிளக்கையும் புடுங்கு, டிஷ்ஷு வயரையும் கழட்டு. இடி தலைக்கு மேல வந்தப்பறம் ஓடிப் போயி வயரப் புடிக்கறது வீரம் இல்ல.

"எங்க வூட்டுல ஆர்சிசிபி கீது மாமா"ன்ற. நல்லது, வெச்சிக்கோ. 30 மில்லி ஆம்பியர் மண்ணுக்குக் கசிஞ்சாலே தட்டிடும், நெறைய உசுரக் காப்பாத்துது. ஆனா செருப்பு போட்டுக்கினு, ஸ்டூல் மேல நின்னு, ஒரு கையில ஃபேசு ஒரு கையில நியூட்ரலு புடிச்சன்னா, உன்ன ஒரு பல்புன்னு நெனச்சி அது சும்மா கெடக்கும். கெப்பாசிட்டர் அடிச்சா அதுக்கு சேதியே போவாது, பிளக்குதான் வெளிய கெடக்குதே.

சரி, டிரில்ல எடு. டிவி மாட்டற ரூம் எம்சிபிய எறக்கிட்டு, பக்கத்து ரூம்ல இருந்து எக்ஸ்டென்ஷன் இழு. எறக்கறதுக்கு முந்தி உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ. சீரியலு ஓடசொல்ல கை வெச்சன்னா, நானு சொன்ன இருபதாயிரம் வோல்ட்டெல்லாம் தேவலாம்னு நீயே ஓடி வருவ.