மதிப்பீட்டு மாமா

எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணும் பொங்கலன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர் தட்டுப்படுவார். கையைப் பின்னால் கட்டியபடி முன்னே நடப்பார். மனைவி, மக்கள், மாமியார் எல்லாம் பின்னே. இவரைப் பொறுத்தவரை அந்த இடம் 1851-இல் திறந்து இன்றுவரை ஏலம் விடாத அடகுக்கடை.

திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துக் குழந்தைகள் வாய் பிளக்கும்போது மாமா மனக்கணக்கில் இருப்பார். "மங்களூர்ல கரை ஒதுங்குனதாம். இங்க கொண்டாந்த லாரிக்காரன் எவ்வளவு கேட்டிருப்பான்?"

"அப்ப லாரி ஏதுப்பா?" என்பாள் மகள்.

"அப்ப இன்னும் ஜாஸ்தி கேட்டிருப்பான்."

அமராவதிச் சிற்பங்களைச் சதுர அடிக் கணக்கில் முடித்துவிடுவார். ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கு அரை நிமிடம். மண்ணில் காசு இல்லை என்பது அவர் கட்சி. வெண்கலக்கூடத்தில்தான் கால் நிற்கும். திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களை மட்டுமே பார்த்துவிட்டுப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் உருகி உருகி எழுதினார். மாமா நேரிலேயே பார்க்கிறார். தூக்கிய திருவடி முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து காவலரிடம் தணிந்த குரலில் கேட்கிறார்: "எத்தனை கிலோ தேறும்?"

"தள்ளி நில்லுங்க சார்."

தள்ளி நின்றாலும் எடை குறையாது என்பதால் மாமா வருத்தப்படுவதில்லை.

அவரையே அசைத்துவிட்டது கற்காலம். "இந்தக் கருங்கல்லுக்கா கண்ணாடிப் பெட்டி?" என்று சிரித்தவரிடம், காலேஜில் வரலாறு படிக்கும் மகள் சொன்னாள்: ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார், அதற்குப் பிறகு ஊர் ஊராக அலைந்து சேர்த்ததையெல்லாம் 1904-இல் அரசாங்கமே இந்த அருங்காட்சியகத்துக்காக விலைக்கு வாங்கியது.

"விலைக்கா? கல்லையா?"

"ஆமாம்ப்பா."

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "உன் தம்பி பல்லாவரத்துல வீடு கட்டக் கடகால் தோண்டினானே, வந்த கல்லையெல்லாம் என்ன பண்ணான்?"

"அதுலயே போட்டு மூடிட்டானே. ஏன்?"

மாமா அங்கேயே போனை எடுத்தார். "மச்சான், சௌக்கியமா? ஒண்ணுமில்ல... வீட்டை இடிச்சுக் கட்டுற யோசனை ஏதாச்சும் இருக்கா?"