ஆட்காட்டி விரலின் அட்டகாசம்

ஜபமாலையில் மணி தள்ளக் கட்டைவிரலும் நடுவிரலும் போதும். ஆட்காட்டி விரல் படவே கூடாது. அது அகங்காரத்தின் அடையாளம், அடுத்தவரைக் குற்றம் சொல்ல நீளுகிற விரல் என்பார்கள். இந்த விதியை நான் மீறியதே இல்லை. வினையே அதுதான். ஜபத்தின் நடுவே பேசக் கூடாது. விரலோ வெறுமனே இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கினால், "ம்ம்… ம்ம்ம்!" என்று அதை நீட்டுவேன். மின்விசிறியைக் குறைக்க ஒரு நீட்டல், வாசலில் கீரைக்காரம்மா போனால் ஒரு நீட்டல். வாய் திறந்து சொன்ன நாளில்கூட வீட்டில் இத்தனை வேலை நடந்ததில்லை.

என்னுடையது ருத்ராட்ச மாலை. ஐந்து முகம், எளிதில் கிடைக்கிற வகை. ஒருமுகம் தேடிப் போகும் அளவுக்குப் பக்தியும் இல்லை, பணமும் இல்லை. 108 மணி, தலைமணியான மேரு தனி. மேருவைத் தாண்டக் கூடாது, மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும். எண்ணுகிற கவலையை விரலிடம் கொடுத்துவிட்டால் மனம் மந்திரத்தில் நிற்கும் என்று செய்த ஏற்பாடு. என் மனம் எண்ணிக்கையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மந்திரத்தை விரலிடம் தள்ளிவிட்டது. மேரு நெருங்க நெருங்க 'நமசிவாய' தேய்ந்து 'நம்ச்வாய' ஆகும். கடைசி மணிகளில் 'ம்சாய'தான் மிஞ்சும். இடையில் தொலைபேசி வந்தால் விட்ட இடம் மறந்துவிடும். முதலிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். நானோ, "எண்பது தாண்டியிருக்கும்" என்று தாராளமாக மதிப்புப் போட்டுத் தொடர்வேன். நூறுதான் கணக்கு, மிச்சம் எட்டு தவறுகளுக்கான கழிவு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதைத் தலைகீழாக்கினால்தான் எனக்குக் கட்டுப்படியாகும்.

பேராசையும் உண்டு. வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு, உதடு மட்டும் அசையச் சொல்வது நூறு மடங்கு, மனத்துக்குள் சொல்வது ஆயிரம் மடங்கு என்கிறது மனு ஸ்மிருதி. எந்த வங்கி தரும் இந்த வட்டி? நேரே ஆயிரத்தில் இறங்கினேன். கண்ணை மூடி மனத்துக்குள் சொன்னால், மாலை தரையில் விழும் சத்தத்தில்தான் விழிப்பு வருகிறது. சரி, நூறே போதும் என்று உதட்டுக்கு வந்தேன். "தாத்தா, எனக்குக் குடுக்காம என்ன திங்கிறே?" என்று பேத்தி வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். வாய்விட்டுச் சொல்லும் கடைசி வகை எனக்கு இயல்பாகவே கைகூடும், சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது.

மாலை பிறர் கண்ணில் படக் கூடாது என்பதும் முறை. அதற்கென்று கோமுகிப் பை உண்டு. ஹரே கிருஷ்ணா இயக்கத்து நண்பர் ஒருவர் தந்தார். அவர் தினமும் 16 சுற்று, அதாவது மகாமந்திரத்தை 1,728 முறை சொல்கிறவர். ஆனாலும் மேரு பக்கம் பார்த்து அவசரப்பட்டு நான் கண்டதில்லை. பையில் ஒரு ஓட்டை இருந்தது. எதற்கு என்று கேட்டேன். ஆட்காட்டி விரல் மாலையில் பட்டுவிடாமல் வெளியே விட்டுக்கொள்ளத்தானாம்.

என் ஆனந்தத்தைக் கேட்பானேன்! மாலை, மந்திரம், மற்ற விரல்கள் எல்லாம் துணிக்குள் ஒடுங்க, அது ஒன்று மட்டும் வெளியே நின்று வீட்டை ஆண்டது. முந்தாநாள் ஒட்டடையைக் காட்டியது. நேற்று, சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது, ரிமோட்டைக் காட்டியது. இன்று காலை நான் உட்காரும் முன்பே மனைவி ஊசியும் நூலுமாக வந்து நின்றாள்.

"அந்தப் பையைக் கொஞ்சம் குடுங்க. ஓட்டையைத் தைச்சுக் குடுத்துடறேன்."