இன்னொரு ஜோடி போட்டுப் பார்

எந்த மென்பொருள் அலுவலகத்திலும் ஒரு பேக்ஸ்லாஷ் அண்ணன் இருப்பார். விசிட்டிங் கார்டில் வேறு பதவி இருக்கும். அதை யாரும் படித்ததில்லை. ஸ்ட்ரிங்குக்குள் ஒரு மேற்கோள் குறி சிக்கிக்கொண்டு கம்பைலர் கத்தத் தொடங்கினால், புதுப் பையன்கள் எழுந்து போவது அவர் மேசைக்குத்தான்.

"அண்ணா, எரர் வருது."

"பேக்ஸ்லாஷ் எத்தனை போட்ட?"

"ஒண்ணு."

"ரெண்டு போடு."

"போட்டேன்ணா. அப்பவும் வருது."

"அப்ப நாலு."

கோடைப் பார்க்க மாட்டார். எந்த மொழி என்றும் கேட்க மாட்டார். கொடுமை என்னவென்றால், நாலு போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். ஜாவாவில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி, அதில் ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட வேண்டுமா? கம்பைலர் பாதியைத் தின்னும், மிச்சத்தில் பாதியை ரீஜெக்ஸ் தின்னும். ஒன்று உயிரோடு போய்ச் சேர நாலு புறப்பட வேண்டும். விண்டோஸ் நெட்வொர்க் முகவரி இரண்டில் தொடங்குவதால் அங்கே எட்டு. இதை யாராவது விளக்கினால், "அதைத்தானே நானும் சொன்னேன்" என்பார். இப்படிக் கோடுகள் சாய்ந்து குவிவதற்குப் பெர்ல்காரர்கள் 'சாய்ந்த பல்குச்சி நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு அது நோயல்ல, சர்வீஸ்.

கல்யாண வீட்டில் நூற்றியொன்று மொய் எழுதுகிற அதே மனிதர், இங்கே மட்டும் ஒற்றைப்படையைத் தொட மாட்டார். ஜேசனுக்குள் மேற்கோள் குறி வரும்போதுதான் வம்பு. ஓர் அடுக்குக்கு ஒன்று, இரண்டு அடுக்குக்கு மூன்று, மூன்று அடுக்குக்கு ஏழு என்பதுதான் அங்கே கணக்கு. எட்டு போடச் சொன்னார்; பையன் ஏழு போட்டான்; ஓடியது. "ஒண்ண விட்டுட்டியா? பரவால்ல, அதிர்ஷ்டக்காரன்டா நீ" என்று பெருந்தன்மையோடு மன்னித்தார்.

அவருடைய பொற்காலம் பழைய பிஎச்பி. 'மேஜிக் கோட்ஸ்' என்ற வசதி, படிவத்தில் வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் தானாகவே ஒரு பேக்ஸ்லாஷைச் செருகிவிடும். அண்ணன் அதை நம்பாமல் தன் பங்குக்கும் செருகுவார். பாவம் டி'சூசாக்கள்! டேட்டாபேஸில் டி\'சூசாவாக நுழைந்தவர், முகவரி மாற்றியதும் டி\\\'சூசா ஆனார். ஃபோன் நம்பர் மாற்றியபோது ஏழு கோடுகளோடு நின்றார். 2012-இல் பிஎச்பி 5.4 அந்த வசதியை அடியோடு நீக்கியது. அதற்குப் பிறகு அந்த மொழியைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

பேக்ஸ்லாஷைக் கணினிக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு பாப் பெமர் என்பவருக்கு. 1961-இல் அவர் நினைத்தது வேறு: சாதா ஸ்லாஷையும் பேக்ஸ்லாஷையும் எதிரெதிரே சாய்த்து வைத்தால் அல்கால் மொழியின் 'மற்றும்', 'அல்லது' குறிகள் கிடைத்துவிடும், அவ்வளவுதான். 1983-இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0, சாதா ஸ்லாஷ் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்ததால், ஃபோல்டர்களைப் பிரிக்கப் பேக்ஸ்லாஷைப் பிடித்துப் போட்டது. விளைவு, 'நியூ' என்று யாராவது ஃபோல்டருக்குப் பெயர் வைத்து அதை ஸ்ட்ரிங்குக்குள் எழுதினால், முதல் எழுத்து பேக்ஸ்லாஷோடு ஒட்டிக்கொண்டு பாதை நடுவிலேயே புது வரிக்குத் தாவிவிடும். அண்ணனுக்கு வேலை கொடுத்தது பெமரும் எம்எஸ்-டாஸும்தான். பெமரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அண்மையில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பைத்தானில் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் 'ஆர்' என்று ஓர் எழுத்தைப் போட்டாள். இரட்டிப்பு எதுவும் இல்லாமல் ஃபோல்டர் பாதை அப்படியே வேலை செய்தது. அண்ணன் முகம் சுண்டிவிட்டது. ஒரு வாரம் அவர் மேசைக்கு ஆளே வரவில்லை.

பிறகு அவளே வந்தாள். பாதையின் கடைசியில் ஒரு பேக்ஸ்லாஷ் வைத்திருந்தாள், பைத்தான் ஏற்கவில்லை. 'ஆர்' போட்ட ஸ்ட்ரிங்கை ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிக்க முடியாது, அது அந்த மொழியின் விதி.

"ஆர எடுத்துரும்மா," என்றார் அண்ணன், சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி. "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா போடு."

அன்று சாயங்காலம் டீ அவர் செலவு. ஆளுக்கு இரண்டு சமோசா. பத்தவில்லை என்றவர்களுக்கு நாலு.